புட்டிப்பால் குட்டியை மந்தையில் சேர்ப்பது எப்படி?

ஆஸ்திரேலியாவில் ஆடு வளர்க்கும் உறவுகளே, ஓர் உதவி வேண்டும். நாங்கள் டப்போ பக்கம் ஒரு பண்ணையில் இருக்கிறோம். தாயை இழந்த செம்மறிக்குட்டி ஒன்றைப் பிள்ளைகள் புட்டிப்பால் கொடுத்து வளர்க்கிறார்கள். வாலைத் துடிதுடிக்க ஆட்டி, ரப்பர் காம்பை முட்டி முட்டி அது குடிக்கும் அழகே அழகு! இப்போது நாயோடுதான் படுக்கிறது. காலையில் பள்ளி பஸ் வரை பிள்ளைகளின் பின்னாலேயே ஓடுகிறது. மேய்ச்சலில் விட்டால் வேலியோரம் நின்று கத்துகிறது. அதைக் கேட்டுச் சின்னவளும் அழுகிறாள்.

6 முதல் 8 வாரத்தில் பால் மறக்கடிக்கலாம் என்பது தெரியும். புல்லும் தீவனமும் நன்றாகவே தின்கிறது. மந்தையோடு பழக்குவதுதான் பெரும்பாடாக இருக்கிறது. துணைக்கு இன்னொரு குட்டியைச் சேர்த்துவிட்டால் ஒட்டிக்கொள்ளுமா? பழக்கிய அனுபவம் உள்ளவர்கள் அவசியம் சொல்லுங்கள்.