ஆழ்நிலை தியானம்: உள்ளே இருப்பவர்களுக்குள்ளேயே ஏன் இத்தனை சண்டை?

கேள்வி – நடுப்பக்கம்

மகேஷ் யோகியின் ஆழ்நிலை தியானம் (ஒரு மந்திரத்தை மனதுக்குள் சொல்லியபடி கண்மூடி உட்காரும் முறை) பற்றிப் பேச்செடுத்தாலே ஒருவர் "ஆய்வுகள் குவிந்து கிடக்கின்றன" என்பார், அடுத்தவர் "காசு வாங்கிக்கொண்டு நடத்தும் மதம்" என்பார். இரண்டு பேருமே பல வருஷம் கண்மூடி உட்கார்ந்தவர்களாக இருப்பார்கள். எனக்குத் தெரிய வேண்டியவை மூன்று. ரகசியமாகத் தரும் அந்த மந்திரத்தில் என்ன இருக்கிறது? 1993-இல் வாஷிங்டனில் கூட்டமாகத் தியானம் செய்ததால் குற்றங்கள் குறைந்தனவா? இரத்த அழுத்தம் குறையுமா? கோஷம் வேண்டாம், விவரம் போதும்.

பதில் – ஏட்டுச்சுவடி

மந்திரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அறிமுகப் பேச்சு, நேர்காணல் எல்லாம் முடிந்தபின் தீட்சை நாள் வரும். பழம், பூ, புது வெள்ளைக் கைக்குட்டை கொண்டுபோக வேண்டும். மகேஷ் யோகியின் குரு பிரம்மானந்த சரஸ்வதி படத்தின் முன் ஆசிரியர் சமஸ்கிருதத்தில் பூஜை செய்து, பிறகு மந்திரத்தைத் தருவார். அடுத்த மூன்று நாள் சரிபார்ப்பு வகுப்புகள். அதன்பின் காலை 20 நிமிடம், மாலை 20 நிமிடம்.

இயக்கத்தின் வாதம்: மந்திரம் பொருளற்ற ஒலி, ஆளுக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்கப்படுவது. விலகிய ஆசிரியர்கள் வெளியிட்ட பட்டியல்களிலோ வயதுதான் முக்கிய அளவுகோல். ஒலிகளிலும் ஐம், ஹ்ரீம் போன்ற பீஜ எழுத்துகளின் (தெய்வங்களைக் குறிக்கும் ஒலிகளின்) சாயல் இருக்கிறது. லலிதா சகஸ்ரநாமம் கேட்டு வளர்ந்த நமக்கு அது "பொருளற்ற ஒலி" என்றால் சிரிப்பு வரும். அமெரிக்கருக்கு வராது, சிக்கலே அங்கேதான். நியூஜெர்சி அரசுப் பள்ளிகளில் இதை விருப்பப் பாடமாக வைத்தபோது, மாணவர்கள் ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கு வெளியே அந்தப் பூஜைக்குப் போக வேண்டியிருந்தது. வழக்கில் நீதிமன்றம் 1977-இல் அதை மதம் சார்ந்தது என்று தடுத்தது. 1979-இல் மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது. தியானம் பலிக்குமா என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. விமர்சகர்கள் அதைக் காட்டி "போலி என்று கோர்ட்டே சொல்லிவிட்டது" என்பது தவறு.

பதில் – கணக்குப்பிள்ளை

வாஷிங்டனுக்கு வருகிறேன். குற்றம் குறைய எத்தனை பேர் தியானிக்க வேண்டும் என்று இயக்கம் சொல்லும் இரண்டு வாய்பாடுகளைப் பலரும் குழப்புகிறார்கள். சாதாரண தியானிகள் என்றால் மக்கள்தொகையில் 1% பேர் வேண்டும். 1976-இல் வந்த சித்தி பயிற்சி (பத்மாசனத்தில் தவளைபோல் எம்பிக் குதிப்பார்களே, "பறத்தல்" என்று) முடித்தவர்கள் ஒரே இடத்தில் கூடிச் செய்தால், அந்த 1%-இன் வர்க்கமூலம் போதும்.

அப்போது நகரின் மக்கள்தொகை சுமார் 6 லட்சம். 1% என்றால் 6,000. வர்க்கமூலம் 77 சொச்சம். ஆனால் ஜூன் 7 முதல் ஜூலை 30 வரை 800 பேரில் தொடங்கி 4,000 பேர்வரை ஏற்றினார்கள். நாடு முழுவதற்குமே அந்த வாய்பாட்டில் 1,600 பேர்தான் வேண்டும்! பலன் வந்தாலும் வராவிட்டாலும் இந்த வாய்பாட்டைச் சோதிக்க அது சரியான அமைப்பு அல்ல.

குற்றம் "23% குறைந்தது" என்று இயக்கம் சொல்வது போன வருஷத்தோடு ஒப்பிட்ட எண் அல்ல. வெப்பநிலை முதலியவற்றைச் சேர்த்து ஒரு கணித மாதிரி கட்டி, "இவர்கள் வராவிட்டால் இத்தனை நடந்திருக்கும்" என்று கணித்த எண்ணோடு ஒப்பிட்டது. மாதிரியை மாற்றினால் சதவீதமும் மாறும். இந்த ஆய்வுக் கட்டுரை 1999-இல் ஆய்விதழில் வந்தது உண்மை, 1994-இல் கிண்டலுக்குக் கொடுக்கும் இக் நோபல் கிடைத்ததும் உண்மை. இரண்டையும் வைத்து வாதாடுவது வீண். அந்தக் கணிப்புக் கோட்டைப் பாருங்கள்.

பதில் – இருபது நிமிடம்

நான் ஆதரவாளன்தான். இருந்தாலும் நகரக் குற்றத்தையும் என் நாடித் துடிப்பையும் ஒரே மூட்டையில் கட்ட மாட்டேன். அமெரிக்க இதயச் சங்கம் 2013-இல் இந்த முறையை இரத்த அழுத்தத்துக்குப் "பரிசீலிக்கலாம்" என்றது. மற்ற தியான முறைகளுக்கு அந்த அளவுகூடச் சொல்லவில்லை. 2012-இல் வந்த ஆய்வில் 201 கறுப்பின இதய நோயாளிகளை 5.4 ஆண்டுகள் தொடர்ந்தார்கள். தியானம் செய்த பிரிவில் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் சேர்த்து 48% குறைவு. இதைப் பேசாமல் எல்லாமே ஏமாற்று என்பது நியாயமா?

பதில் – ஏட்டுச்சுவடி

நியாயமில்லை. ஆனால் "பரிசீலிக்கலாம்" என்பது பரிந்துரையின் கீழ்ப்படி. மாத்திரையை நிறுத்தச் சொன்னதாக அர்த்தமில்லை. 201 பேர் சிறிய எண்ணிக்கை, ஆய்வாளர்களில் முக்கியமானவர்கள் மகரிஷி பல்கலைக்கழகத்தார். 2014-இல் 47 சோதனைகளை (3,515 பேர்) சேர்த்துப் பார்த்த ஆய்வில் மந்திர தியானத்துக்கு வலுவான சான்று கிடைக்கவில்லை. ஆனால் அது பார்த்தது மனஅழுத்தம், பதற்றம் போன்றவற்றை. இரத்த அழுத்தத்துக்கு அதை மேற்கோள் காட்டுபவர் அதைப் படிக்கவில்லை.

கேட்க வேண்டியது "எதோடு ஒப்பிட்டார்கள்" என்பது. ஹார்வர்ட் மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் முதலில் இந்தத் தியானிகளைத்தான் சோதித்தார். பிறகு 1975-இல் அவர் எழுதிய முறை: அமைதியாக உட்கார்ந்து, பாதத்திலிருந்து தசைகளைத் தளர்த்தி, மூச்சை விடும்போதெல்லாம் மனதுக்குள் "ஒன்று" என்று சொல்வது, 10 முதல் 20 நிமிடம். தீட்சையும் கட்டணமும் இல்லை. சும்மா இருந்தவர்களோடு ஒப்பிட்டால் தியானம் ஜெயிக்கும். இதோடு ஒப்பிட்டு ஜெயித்தால்தான் மந்திரத்துக்குத் தனி மதிப்பு.

பதில் – கணக்குப்பிள்ளை

உள்ளே இருப்பவர்களுக்கு நிஜமாகவே கசப்பு ஏற்படும் இடம் ஒன்று விட்டுப்போயிற்று. தலைவலி, எரிச்சல், அழுகை வந்தால் "உள்ளே தேங்கிய அழுத்தம் வெளியேறுகிறது" என்பார்கள். நல்லது நடந்தால் தியானத்தால், கெட்டது நடந்தால் அழுத்தம் வெளியேறுவதால்! எந்தப் பதிலும் தவறாக முடியாது. பல சமயம் காரணம் சாதாரணமானது: முடித்தவுடன் சட்டென்று கண்ணைத் திறப்பது. மந்திரத்தை விட்டபின் 2, 3 நிமிடம் கண்மூடியே இருக்க வேண்டும் என்பது அவர்களே கற்றுத்தரும் விதி. அதைச் செய்தும் குறையவில்லையா? நேரத்தைப் பாதியாக்கிப் பாருங்கள். தூக்கம் கெடுவது, நிஜமற்றதுபோல் தோன்றுவது தொடர்ந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள், சரிபார்ப்பு வகுப்புக்கு அல்ல.