எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் நடுவுல நடுவுல கழண்டுக்குது: கேபிளா, டிஸ்க்கா?

நீலபோர்ட்:
2.5 இன்ச், 1 டிபி போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க். டிஸ்க் பக்கம் இருக்கிறது அந்த அகலமான மைக்ரோ-பி யூஎஸ்பி 3.0 சாக்கெட். கூட வந்த 45 செ.மீ. கேபிள் தொலைஞ்சதால இப்ப போடுறது கடையில வாங்கின ஒன்றரை மீட்டர் கேபிள். லேப்டாப்போட நீல போர்ட்ல (அதுவும் 3.0தான்) சொருகியும் காப்பி வேகம் நொடிக்கு 35–38 எம்பியைத் தாண்டலை. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை டிரைவ் மறைஞ்சு, சத்தம் போட்டுட்டு திரும்ப வருது. ரெண்டு தடவை ஃபார்மட் பண்ணணுமான்னு கேட்டது. விண்டோஸ் 10. உள்ள 600 ஜிபி போட்டோ, வீடியோ. வேற எங்கயும் நகல் இல்லை. கேபிளை மாத்தினா போதுமா, டிஸ்க்கே போகப்போகுதா?

பழையபெட்டி:
முதல்ல ஃபார்மட் கேட்டா கேன்சல் மட்டும்தான். செக்-டிஸ்க்கும் (விண்டோஸ்ல டிஸ்க் பிழை தேடித் திருத்துற கருவி) இப்ப வேண்டாம். இணைப்பு அறுந்து அறுந்து வர்றப்ப அதை ஓட்டினா, படிக்க முடியாத இடத்தையெல்லாம் ஃபைல் சிஸ்டம் கோளாறுன்னு நினைச்சு திருத்தப் போகும். பாதியில டிரைவ் கழண்டா நல்லா இருந்த ஃபோல்டரும் சேர்ந்து போயிடும்.

நீங்க சொன்ன 35–38தான் பெரிய துப்பு. யூஎஸ்பி 2.0 பேருக்கு 480 எம்பிபிஎஸ் (அது மெகாபிட் கணக்கு, எட்டு மெகாபிட் சேர்ந்தாத்தான் ஒரு எம்பி), காப்பி பண்றப்ப நொடிக்கு 40 எம்பியை ஒட்டியே நின்னுடும். உங்க டிஸ்க் 3.0ல ஓடினா 100 பக்கம் வரணும். அதாவது வேகமான பாதை எங்கயோ செத்திருக்கு, பழைய பாதையில ஓடிட்டிருக்கு.

அந்த பிளக்கை வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க, நடுவுல ஒரு பள்ளம் போட்டு ரெண்டு துண்டா இருக்கும். அகலமான பக்கம் அஞ்சு பின், நம்ம பழைய ஆண்ட்ராய்டு போன் சார்ஜர் பின்னேதான், கரண்டும் 2.0 டேட்டாவும் அதுல போகும். குறுகலான பக்கத்து அஞ்சு பின்தான் 3.0. அந்தக் குட்டிப் பக்கம் கொஞ்சம் தளர்ந்தாலும் டிஸ்க் ஓடும், ஆனா 2.0லதான்.

அதனால செலவில்லாத சோதனை ஒண்ணு இருக்கு: பழைய மைக்ரோ யூஎஸ்பி போன் கேபிளை (சார்ஜுக்கு மட்டுமானது ஆகாது, டேட்டா போறது வேணும்) அந்த அகலமான பாதியில மட்டும் சொருகுங்க. சரியா உட்காரும். ஒரு மீட்டருக்கு மேல வேண்டாம். அரைமணி நேரம் பெரிய ஃபைல்களை டிஸ்க்லேர்ந்து வெளிய காப்பி பண்ணுங்க. அது எப்படியும் செய்ய வேண்டிய பேக்கப்தானே.

கம்பிச்சுருள்:
இவ்வளவு சுத்த வேண்டாம் ப்ரோ. டிஸ்க் தன்னைப் பத்தி எழுதி வைக்கிற கணக்கைக் காட்டுற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ சாஃப்ட்வேர் போட்டு சி7ங்கிற வரியைப் பாருங்க, சிஆர்சி எரர் கவுண்ட், அதாவது டேட்டா போற வழியில கெட்டுப்போன தடவைகளோட எண்ணிக்கை. ஏறிட்டே இருந்தா கேபிள் கோளாறு, ஏறலைன்னா கேபிள் நல்ல கேபிள்.

ஓம்விதி:
அது டெஸ்க்டாப்ல சாட்டா கேபிள்ல (பெட்டிக்குள்ள டிஸ்க்கை மதர்போர்டோட இணைக்கிறது) நேரா மாட்டின டிஸ்க்குக்குச் சரி நண்பரே. யூஎஸ்பி டிஸ்க்ல சி7 எண்ணுறது டப்பாவுக்குள்ள யூஎஸ்பியை சாட்டாவா மாத்துற பிரிட்ஜ் சிப்புக்கும் டிஸ்க்குக்கும் நடுவுல வர்ற பிழையை. வெளிய தொங்குற கேபிள்ல என்ன நடந்தாலும் அது அங்க பதிவாகாது. சி7 பூஜ்யம்னு கேபிளுக்கு நற்சான்று கொடுக்க முடியாது. அதே பட்டியல்ல பார்க்க வேண்டியது 05ம் (கெட்டுப்போய் மாற்று இடம் கொடுத்த செக்டர்கள்) சி5ம் (படிக்க முடியாம சந்தேகத்துல நிக்கிற செக்டர்கள்). ரெண்டுல எது ஏறினாலும் டேட்டா பதியுற தட்டுல கோளாறு. விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறிச்சு வைக்கிற ஈவென்ட் வியூவர்ல, சிஸ்டம் லாக்ல 157ங்கிற நம்பர் இருந்தா டிஸ்க் திடீர்னு பிடுங்கப்பட்டதுன்னு அர்த்தம், கேபிள், போர்ட் பக்கம் கை காட்டும். 7 இருந்தா பேட் பிளாக், அதாவது டிஸ்க்லயே கெட்டுப்போன இடம்.

யாரும் பேசாத விஷயம் கரண்டு. சன்னமான 28 ஏடபிள்யூஜி கம்பி (ஏடபிள்யூஜி கம்பியோட தடிமன் நம்பர், நம்பர் குறைஞ்சா கம்பி தடிமன்) மீட்டருக்கு சுமார் 0.21 ஓம். ஒன்றரை மீட்டர் கேபிள்ல போக வர 3 மீட்டர், 0.64 ஓம். டிஸ்க் 0.9 ஆம்பியர் இழுத்தா 0.57 வோல்ட் வழியிலேயே போச்சு, டிஸ்க்குக்குக் கிடைக்கிறது 4.43 வோல்ட். சுத்த ஆரம்பிக்கிறப்பவும் எழுதுறப்பவும் தடுமாறும். 24 ஏடபிள்யூஜியா இருந்தா இழப்பு 0.23தான். கேபிள் தோல் மேல இந்த நம்பர் அச்சடிச்சிருக்கும், தேடிப் பாருங்க. எதுவுமே அச்சடிக்காத கேபிளை நான் நம்ப மாட்டேன்.

இன்னொண்ணு, லேப்டாப் பக்கம் பிளக்கை மெதுவா தள்ளாதீங்க. முன்னாடி இருக்கிற நாலு 2.0 பின் முதல்ல தொடும், உள்ள இருக்கிற அஞ்சு பின் அப்புறம்தான். தயங்கித் தயங்கி சொருகினா சில நேரம் 2.0ன்னே பதிஞ்சு அப்படியே நின்னுடும். ஒரே அழுத்து.

நீலபோர்ட்:
போன் கேபிள்ல 40 நிமிஷம் ஓடிச்சு, 36 எம்பி, ஒரு தடவை கூட கழலலை. 05, சி5 ரெண்டும் பூஜ்யம். லாக்ல 157 வரிசையா இருக்கு, 7 இல்லை. பழைய கேபிள் தோல்ல எதுவும் அச்சடிக்கலை. இப்ப டிஸ்க் சாக்கெட் மேல சந்தேகம் வேணுமா?

பழையபெட்டி:
பாதிச் சந்தேகம் வேணும். தட்டும் அகலமான பாதியும் நல்லா இருக்கு, ஒன்றரை மீட்டர் கேபிள் கரண்டுக்கே லாயக்கில்லை, இது உறுதி. குட்டிப் பாதியை இன்னும் யாரும் சோதிக்கலை. இந்த போன் கேபிள்லயே 600 ஜிபியையும் வெளிய எடுத்துடுங்க; இதே வேகத்துல நாலே முக்கால் மணி நேரம் ஆகும், ராத்திரி போட்டுட்டுத் தூங்குங்க, லேப்டாப் மட்டும் ஸ்லீப் போகாம பாத்துக்குங்க. அப்புறம் 45–50 செ.மீ. 3.0 கேபிள் ஒண்ணு வாங்கி மாட்டுங்க. 100 கிட்ட போச்சுன்னா விஷயம் முடிஞ்சது. அதுலயும் 36லயே நின்னா, வேற லேப்டாப்போட நீல போர்ட்ல ஒரு தடவை போட்டுப் பாருங்க. அங்கயும் அதேன்னா சாக்கெட்டோட குறுகலான பக்கம் சால்டர் விட்டிருக்கு, போர்டு வேலை பாக்கிறவங்ககிட்ட கொடுத்து மறுபடி வைக்கச் சொல்லணும். டிஸ்க் சுத்திட்டிருக்கிறப்ப பிளக்கை ஆட்டி ஆட்டி மட்டும் சோதிக்காதீங்க.