சொத்து வரி உயர்வு: தெருவுக்கு ஒரே மனுவா, வீட்டுக்கு ஒன்றா?

மூன்றாவது தெரு டெய்லர் (2022 ஏப்ரல்)

வணக்கம். திருச்சிப் பக்கம் ஒரு நகராட்சி. எங்கள் தெரு குடியிருப்போர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். வேறு யாரும் ஒப்புக்கொள்ளாததால் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

இந்த மாதத் தொடக்கத்தில் அரசு அறிவித்த சொத்து வரி உயர்வு எல்லோருக்கும் தெரியும். நகராட்சி வீடுகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. சென்னையின் பழைய பகுதிகளில் 150 வரை போகிறதாம், அவர்கள் பாடு இன்னும் மோசம்.

வரியே கூட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை. என் வயிற்றெரிச்சல் அந்த 1,200 கோட்டின் மேல்தான். என் வீடு 1,236 சதுர அடி, அரையாண்டுக்கு 712 ரூபாய் கட்டுகிறேன். பக்கத்து வீடு 1,190 அடி, அவர்களுக்கு 690. இதுவரை வித்தியாசம் 22 ரூபாய். இனி எனக்கு 1,246, அவர்களுக்கு 1,035. நாற்பத்தாறு அடிக்கு 211 ரூபாய்! மூன்று ஜாக்கெட் தைத்த கூலி.

ஆட்சேபணை தர 30 நாள் என்று பேப்பரில் போட்டிருக்கிறார்கள். 23 வீட்டுக்காரர்களிடமும் கையெழுத்து வாங்கி ஒரே மனுவாகக் கொடுக்கலாமா? கவுன்சிலரைப் பார்த்தேன். பிப்ரவரியில்தான் ஜெயித்து வந்தவர். "மேலிடத்து முடிவு அக்கா, நான் என்ன பண்ண முடியும்" என்று டீ கொடுத்து அனுப்பிவிட்டார்.

ரிட்டயர்ட் பில் கலெக்டர்

அம்மா, ஒரே மனுவாகக் கொடுக்காதீர்கள். 23 கையெழுத்து இருந்தாலும் தபால் பிரிவில் அதற்கு ஒரே எண்தான் விழும். வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதி, ஒவ்வொன்றிலும் வரி விதிப்பு எண், பரப்பளவு, இப்போது கட்டும் தொகை மூன்றையும் குறிப்பிடுங்கள். நகலில் சீலும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள். "வச்சிட்டுப் போங்க, பார்த்துக்கறோம்" என்பார்கள். நானே அந்த நாற்காலியில் உட்கார்ந்து சொன்னதுதான்.

"உயர்வை ரத்து செய்" என்று மட்டும் எழுதினால் படித்துவிட்டுக் கட்டி வைப்பார்கள். நீங்கள் இங்கே போட்ட 712, 690 கணக்கை அப்படியே எழுதுங்கள். 1,200 அடிக்கு மேல் இருக்கும் பகுதிக்கு மட்டும் கூடுதல் சதவீதம் போடச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்று. 1,236 என்ற அளவு எங்கிருந்து வந்தது? ரசீதைப் பார்த்துச் சொல்கிறீர்களா, வீட்டை அளந்தீர்களா? முதலில் அளந்து பாருங்கள்.

வாய்க்கால் கரை

எதிர்ப்பாகச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். சென்னையில் 1998க்குப் பிறகும் மற்ற ஊர்களில் 2008க்குப் பிறகும் நிலைத்து நின்ற பொதுச் சீராய்வே கிடையாது. சொத்து வரி வசூல் மாநில வளர்ச்சியோடு சேர்ந்து கூடினால்தான் நகரங்களுக்கு மானியம் என்று மத்திய அரசு அமைத்த 15ஆவது நிதிக் குழுவும் நிபந்தனை வைத்துவிட்டது. எங்கள் தெருச் சாக்கடையைத் தூர்வார ஆள் கேட்டால் பணம் இல்லை என்கிறார்கள். அந்தப் பணம் பிறகு எங்கிருந்துதான் வரும்?

மாடி போர்ஷன்

நீங்கள் எல்லாம் சொந்த வீட்டுக்காரர்கள். எங்கள் ஓனர் அறிவிப்பு வந்த வாரமே மாடி ஏறி வந்து மாதம் 500 ரூபாய் கூட்டிவிட்டார். அவருக்கு ஏறப்போவது ஆறு மாதத்துக்கு 400கூட இருக்காது. எங்கள் பெயரில் வரி விதிப்பு எண்ணே இல்லை, நாங்கள் எந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவது?

ரிட்டயர்ட் பில் கலெக்டர்

வாய்க்கால் கரை சொல்வது நியாயம்தான். ஆனால் மனு கொடுத்து ஒன்றும் ஆகாது என்று யாரும் உட்கார்ந்துவிட வேண்டாம். 2018 ஜூலையில் வீடுகளுக்கு 50 சதவீதம் வரை, கடை போன்ற மற்றக் கட்டடங்களுக்கு 100 வரை என்று கூட்டினார்கள். 2019 நவம்பரில் அதையே நிறுத்தி வைத்து, கூடுதலாகக் கட்டிய தொகையைப் பின்னால் வரும் வரியில் கழித்துக்கொள்வதாக அறிவித்தார்கள். உள்ளாட்சித் தேர்தல் வாசலில் நின்றதுதான் காரணம் என்பது என் எண்ணம். இந்த முறை தேர்தல் முடிந்த பிறகு வந்திருக்கிறது. அதனால் கஷ்டம்தான்.

மூன்றாவது தெரு டெய்லர்

எல்லோருக்கும் நன்றி. சார் சொன்னபடி தையல் டேப்பை எடுத்துக்கொண்டு வெளிச்சுவரைச் சுற்றி வந்தேன். மகன் சிரித்தான். மூன்று தடவை அளந்தும் 1,148தான் வருகிறது. மாமியார் இருந்தபோது பின்னால் ஒரு மாட்டுக் கொட்டகை இருந்தது. 2015இல் இடித்துவிட்டோம். கொட்டகை போய் ஏழு வருஷம் ஆகியும் ரசீதில் அது நிற்கிறது, நானும் வரி கட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன்!

அளவைத் திருத்தினால் நான் 50 சதவீதத்துக்குள் வந்துவிடுவேன். அதற்குத் தனி மனு எழுதியாகிவிட்டது. ஆனால் எங்கள் தெருவில் இன்னும் நான்கு வீடுகள் 1,200ஐக் கொஞ்சம் தாண்டி நிற்கின்றன. ஞாயிற்றுக்கிழமை டேப்போடு அங்கேயும் போகிறேன்.

மாடி போர்ஷன், வெள்ளைத் தாளில் வாடகை ஏறியதை எழுதி, உங்கள் கதவு எண்ணைப் போட்டு உங்கள் ஊர் அலுவலகத்திலேயே கொடுங்கள். வாங்க மாட்டேன் என்று சொல்லட்டும், பார்க்கலாம்.

வாய்க்கால் கரை, எங்கள் சாக்கடையும் அப்படித்தான் கிடக்கிறது. உங்களைப் பார்த்து அதையும் கடிதத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டேன்.

இதுவரை 17 கடிதம் தயார். திங்கட்கிழமை பத்தரைக்கு எல்லோரும் தபால் பிரிவு வாசலில் நிற்கிறோம். ஆளுக்கு இரண்டு நகல்.