வீட்டில் கட்டிய பதினொன்றரை அடி பிளைவுட் படகை 15 அடியாக நீட்டலாமா? உதவி வேண்டும்

காயல்கரை:

வணக்கம். பழையாறு வந்து சேரும் மணக்குடி காயல் ஓரம் எங்கள் வீடு. நாலு வருஷத்துக்கு முன் திண்ணையில் வைத்து ஒரு சின்னப் படகு கட்டினேன். திண்ணை 12 அடிதான், அதனால் படகு பதினொன்றரை அடி. தட்டையான அடி. அடியும் பக்கமும் 6 மி.மீ. மரைன் பிளைவுட், பின்பலகை மட்டும் 18 மி.மீ. பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, மூலைகளில் எபாக்சி நிரப்பி, ஃபைபர் நாடா ஒட்டிய முறை. 2 குதிரைசக்தி எஞ்சின் வைத்திருக்கிறேன்.

நானும் மனைவியும் மட்டும் போனால் அருமையாக மிதக்கிறது. ஆனால் பிள்ளைகள் இருவரும் வளர்ந்துவிட்டார்கள். இப்போது அம்மாவும் வர ஆசைப்படுகிறார். அவர் பிறந்தது எதிர்க்கரையில், கீழமணக்குடியில். ஐந்து பேரும் ஏறினால் பின்பக்கம் மேல்விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சாண்கூட மிச்சமில்லை. அப்படி அம்மாவை ஏற்றிக்கொண்டு போக எனக்குத் தைரியம் இல்லை.

என் திட்டம் இது. பின்பலகையைக் கழற்றிவிட்டு, பின்னால் மூன்றரை அடி புதிதாகச் சேர்ப்பது, பக்கங்களை 4 அங்குலம் உயர்த்துவது, அப்புறம் 8 குதிரைசக்தி எஞ்சின் வாங்குவது. நாகர்கோவிலில் ஒரு கடையில் கேட்டபோது எபாக்சி தேவையே இல்லை, பாலியஸ்டர் ரெசின் போதும் என்றார்கள். விலையும் பாதிக்குக் கீழே. போகட்டுமா? இன்னொரு விஷயம், பின்பலகை ஓரம் தண்ணீர் வடிக்கும் துளையைச் சுற்றி ஸ்க்ரூ டிரைவரை அழுத்தினால் கொஞ்சம் உள்ளே போகிறது.

ஓடாவி:

தம்பி, பின்பலகையில் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம். நீட்டுவதென்றால் நடுவில் வெட்டித்தான் நீட்ட வேண்டும்.

காரணம் சொல்கிறேன். தட்டை அடி என்று நாம் சொன்னாலும் அது அணியத்திலும் (முன்முனை) அமரத்திலும் (பின்முனை) மேலே வளைந்து ஏறும். பின்னால் போகப்போக அகலமும் குறையும். அந்தக் கோட்டையே பிடித்துக்கொண்டு பின்னால் சேர்த்தால் புதுத் துண்டு தண்ணீரைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். வேறு கோட்டில் சேர்த்தால் சேரும் இடத்தில் முழங்கை மாதிரி ஒரு முறிவு விழும், படகு அந்த இடத்தில் தண்ணீரை இழுத்துக்கொண்டே ஓடும். இரண்டுமே பாவம். நடுவில், பக்கங்கள் ஒன்றுக்கொன்று நேராக ஓடும் இடத்தில், அடியும் மட்டமாக இருக்கும் இடத்தில் வெட்டி விலக்கி, இடையில் ஒரே அகலமான பெட்டி மாதிரி ஒரு துண்டைச் செருகினால் எந்தக் கோடும் கெடாது.

அந்த இடம் எது என்று கண்ணால் முடிவு செய்யக்கூடாது. படகைக் கவிழ்த்துப் போடுங்கள். நடுக்கோட்டில் நீளமான நேர்க்கட்டை ஒன்றை வையுங்கள். அணியத்திலிருந்து ஒவ்வோர் அடி தூரத்திலும் அகலம் எவ்வளவு, கட்டைக்கும் படகின் அடிப்பலகைக்கும் இடைவெளி எவ்வளவு என்று நூல் கணக்கில் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) எழுதுங்கள். அகலம் கூடிய இடமும் அடி தாழ்ந்த இடமும் ஒன்றாக இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். சில படகில் இரண்டும் ஓர் அடி தள்ளி நிற்கும். அளந்து போடுங்கள், மற்றதைப் பிறகு பேசுவோம்.

கழிமுகம்:

ஓடாவி அண்ணாச்சி சொன்னதோடு ஒரு கணக்கைச் சேர்க்கிறேன். உங்கள் படகு தண்ணீரைத் தொடும் பரப்பு சுமார் 28 சதுர அடி இருக்கும். ஒரு சதுர அடி ஓர் அங்குலம் அமிழ்ந்தால் ஏறக்குறைய 2.4 கிலோ தாங்கும். அதாவது இப்போது ஓர் ஆள் ஏறினால் படகு ஓர் அங்குலம் இறங்கும். நடுவில் மூன்றரை அடி சேர்த்தால் இன்னும் 11 சதுர அடி கிடைக்கும். அப்போது ஓர் அங்குலத்துக்கு 94 கிலோ. நீங்கள் தேடுவது அங்கேயே கிடைத்துவிடும்.

எஞ்சின் விஷயத்தில் மட்டும் தயவுசெய்து யோசியுங்கள். இது தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும் படகு, தண்ணீர் மேல் ஏறிச் சறுக்கும் படகு இல்லை. தண்ணீரைத் தொடும் நீளம் 14 அடி உள்ள படகுக்கு இயல்பான வேகம் 5 நாட், மணிக்கு 9 கி.மீ. அதற்கு மேல் எவ்வளவு சக்தி கொடுத்தாலும் பின்பக்கம் குந்தி உட்காரும், அணியம் தூக்கும், அவ்வளவுதான். பழைய 2 குதிரைசக்தியே காயலுக்குப் போதும். நீளம் கூடியதால் முன்னைவிட நன்றாகவே ஓடும்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். நீளத்தைக் கூட்டினால் சுமை தாங்கும், ஆனால் பக்கவாட்டில் சாயாமல் நிற்பதற்கு அகலம்தான் வேண்டும். நீளத்தை மூன்றில் ஒரு பங்கு கூட்டினால் அந்தத் திறனும் அதே அளவுதான் கூடும். அகலத்தை அதே விகிதத்தில் கூட்டினால் இரண்டு மடங்குக்கும் மேல் போகும். உங்கள் அடி அகலம் மாறப்போவதில்லை. ஆகவே அம்மாவுக்கு உயரமான இருக்கை போட வேண்டாம்.

காயல்கரை:

நேற்று மாலை அளந்தேன். அடி அகலம்: ஐந்தாம் அடியில் 38 அங்குலம், ஆறாம் அடியில் 39, ஏழாம் அடியிலும் 39, எட்டில் 38 அங்குலம் 2 நூல். பின்பலகையில் 34. கட்டைக்கும் அடிக்கும் இடைவெளி: ஐந்தில் 2 நூல், ஆறிலும் ஏழிலும் ஒன்றுமில்லை, எட்டில் 4 நூல், பின்பலகையில் இரண்டரை அங்குலம். ஆறாம் அடியில் ஒரு வங்கு (உள்பக்கக் குறுக்குச் சட்டம்) இருக்கிறது. நான் சொன்ன மாதிரி பின்னால் சேர்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அளந்த பிறகுதான் புரிந்தது.

ஓடாவி:

நல்ல படகு தம்பி. ஆறரை அடியில் வெட்டுங்கள், வங்குக்கு அரை அடி பின்னால். வெட்டும் முன் இரண்டு பாதியிலும் நடுக்கோட்டை அழியாத மையில் முழு நீளத்துக்கும் இழுத்துவிடுங்கள். அது இல்லாமல் சேர்த்தால் வாழைப்பழம் மாதிரி வளைந்துவிடும்.

புதுப் பலகையை ஏய்ப்பு வைத்து, அதாவது இரண்டு முனைகளையும் சரிவாக இழைத்து ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி, சேர்ப்பது உத்தமம். 6 மி.மீ. பலகைக்கு எட்டு மடங்கு, 48 மி.மீ. சரிவு. இழைப்புளி ஓட்டும்போது பிளைவுட்டின் அடுக்குகள் கோடுகோடாகத் தெரியும். அந்தக் கோடுகள் நேராகவும் ஒரே அகலத்திலும் இருந்தால் சரிவு சரி. கோடு வளைந்தால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது. ஆனால் கட்டிமுடித்த படகின் மூலையில் இழைப்புளி போகாது. அங்கே ஏய்ப்புக்குப் பிடிவாதம் வேண்டாம். முனையோடு முனை சேர்த்து, உள்ளே 8 அங்குல அகலத்தில் அதே பிளைவுட் பட்டை ஒட்டி, வெளியே இரண்டு அடுக்கு ஃபைபர் துணி போடுங்கள்.

பட்டை மட்டும் போதாது. பழைய மேல்விளிம்புச் சட்டங்களைக் கழற்றிவிட்டு அணியம் முதல் அமரம் வரை ஒரே நீளமாகப் புதுச் சட்டம் போடுங்கள். அடியிலும் இரண்டு ரீப்பர், முழு நீளம். நீண்ட படகு அலையில் நடுவில்தான் மடங்கப் பார்க்கும், அதைத் தடுப்பது இவைதான். புதுத் துண்டுக்குள் இரண்டு வங்கு. பக்கத்தை 4 அங்குலம் உயர்த்த வேண்டாம், காற்று பிடிக்கும். 2 அங்குலம் போதும்.

இந்தக் கடற்கரையில் 80களில் பிளைவுட் வள்ளம் வந்தபோது நான் பட்டறையில் எடுபிடி. அதற்கு முன் பலகையைக் கயிற்றால் தைத்துத்தான் வள்ளம் கட்டுவார்கள். கயிறு போய்க் கம்பி வந்தது, தையல் என்னவோ தையல்தான். அதனால் உங்கள் படகு எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை.

ஃபைபர் பட்டறை:

ரெசின் பற்றி நான் சொல்கிறேன், 18 வருஷமாக இதே வேலை. பாலியஸ்டரை நான் தினமும் பயன்படுத்துகிறேன், ஃபைபர் படகுக்கு அது நல்ல பொருள். மரத்தின் மேல் மட்டும் அது நிற்காது. பிளைவுட் ஈரத்தில் உப்பிச் சுருங்கும்போது தாள் மாதிரி உரிந்து வரும், இடைவெளியில் தண்ணீர் தங்கும், வெளியே பளபளவென்று இருக்க உள்ளே மரம் அழுகும். உங்கள் படகு ஏற்கெனவே எபாக்சியில் கட்டியது. அதிலேயே தொடருங்கள்.

நம் ஊர் வெயிலில் ஹார்டனர் சேர்த்த எபாக்சி சீக்கிரம் இறுகும். காலை 6 மணிக்கு ஆரம்பியுங்கள். 100 கிராமுக்கு மேல் ஒரே நேரத்தில் கலக்க வேண்டாம், கலந்ததும் அகலமான தட்டில் ஊற்றிவிடுங்கள். டம்ளரில் ஆழமாக வைத்தால் தானே சூடேறிப் புகைய ஆரம்பிக்கும். காய்ந்த பூச்சின் மேல் மெழுகு மாதிரி ஒரு வழுக்கல் வந்தால் வெறும் தண்ணீரால் கழுவித் துடைத்து, பிறகு உப்புத்தாள் போடுங்கள். நேரே உப்புத்தாள் போட்டால் அந்த வழுக்கல் உள்ளே தேய்ந்துவிடும், அடுத்த பூச்சு ஒட்டாது.

அந்த மெத்தென்ற இடத்தை முதலில் பாருங்கள். ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல மரம் 'டக்' என்னும், கெட்டது 'சொத்' என்னும். சத்தம் மாறும் கோட்டுக்கு 2 அங்குலம் வெளியே வட்டம் போட்டு, அவ்வளவையும் வெட்டி எடுங்கள். துளை போட்டபோது பிளைவுட்டின் உள்விளிம்பைப் பூசாமல் விட்டிருப்பீர்கள், பெரும்பாலும் அதுதான் காரணம். புதுத் துளையைத் தேவையைவிடப் பெரிதாகப் போட்டு, சலித்த மரத்தூள் கலந்த எபாக்சியால் அடைத்து, காய்ந்ததும் அதன் நடுவில் சரியான அளவில் துளையுங்கள். தண்ணீர் இனி மரத்தைத் தொடாது. எல்லாவற்றுக்கும் முன் நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவி, பத்து நாளாவது நிழலில் காயவிட வேண்டும்.

காயல்கரை:

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். துளை ஓரம் உள்ளங்கை அளவு அழுகியிருந்தது. காரணமும் ஃபைபர் பட்டறை அண்ணன் சொன்னதேதான். நடுவில் வெட்டிய அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஒரு சிக்கல் வந்தது, மற்றவர்களுக்கு உதவும் என்பதால் சொல்கிறேன். நடுக்கோடு நூல் பிடித்தபடி நேராக இருந்தது. ஆனால் இரண்டு பாதியின் மேலும் குறுக்கே ஒரு நேர்க்கட்டை வைத்து, பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தால், தூரத்துக் கட்டை ஒரு பக்கம் 3 நூல் ஏறியிருந்தது. படகு முறுக்கியிருக்கிறது! பின்பாதிக்குக் கீழே ஆப்பு வைத்து இரண்டு கட்டையும் ஒரே கோடாகத் தெரிந்த பிறகுதான் எபாக்சி கலந்தேன். ஒட்டிய பிறகு பார்த்திருந்தால் எதுவும் செய்திருக்க முடியாது.

ஞாயிறு காலை இறக்கினோம். முதலில் கரையோரம் இடுப்பளவு தண்ணீரில் படகை நிரப்பிப் பார்த்தேன். அணியத்திலும் அமரத்திலும் அடைத்த காற்றுப்பெட்டிகள் வைத்திருந்ததால் மேல்விளிம்பு வெளியே தெரிய மிதந்தது. பிறகு இறைத்துவிட்டு, எல்லோருக்கும் மிதவைச் சட்டை போட்டு ஏறினோம். பின்பக்கம் இப்போது ஒரு சாணுக்கு மேல் நாலு விரல் மிச்சம் இருக்கிறது. எஞ்சின் அதே 2 குதிரைசக்திதான்.

அம்மா இருக்கை வேண்டாம் என்று புதுத் துண்டில் பாய் விரித்து உட்கார்ந்தார். பாலத்துக்குக் கீழே போகும்போது சுனாமிக்கு முன் இருந்த பழைய பாலம் எங்கே நின்றது என்று பிள்ளைகளுக்குக் கையை நீட்டிக் காட்டினார். புது மேல்விளிம்புச் சட்டம் இன்னும் வார்னிஷ் அடிக்காமல் கிடக்கிறது. மழைக்கு முன் அடித்துவிட வேண்டும்.

ஓடாவி:

வார்னிஷுக்கு முன் சட்டத்தின் இரண்டு முனைகளிலும் எபாக்சி மூன்று தடவை ஊறவிடுங்கள் தம்பி. தண்ணீர் நுழைவது அங்கேதான். அப்புறம், இந்தப் படகில் பொழி (காயல் கடலில் சேரும் வாய்) தாண்டிக் கடலுக்குப் போக வேண்டாம். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.