லிஃப்டில் சிக்கிய இரண்டு ஸ்காட்லாந்துக்காரர்களும் என் அக்டோபர் பயணமும்

டிரங்க்கால் அம்மாள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அக்டோபரில் மகளின் பிரசவத்துக்காகக் கிளாஸ்கோ போகிறேன். முதல் வெளிநாட்டுப் பயணம். ஐந்து மாதம் இருப்பதாகத் திட்டம். குளிரைப் பற்றி எல்லோரும் பயமுறுத்திவிட்டார்கள். அதற்குக் கம்பளி இருக்கிறது. என் கவலை காதைப் பற்றியது.

போன வாரம் மகள் ஒரு வீடியோ அனுப்பினாள். பிபிசி ஸ்காட்லாந்தில் 2010-இல் வந்த 'பர்னிஸ்டன்' என்ற நகைச்சுவைத் தொடரின் ஒரு துண்டு. இரண்டு பேர் லிஃப்டில் ஏறுகிறார்கள். பொத்தானே கிடையாது, மாடி எண்ணை வாயால் சொல்ல வேண்டும். ஒருவர் "இலெவன்" என்கிறார். தயவுசெய்து திரும்பச் சொல்லுங்கள் என்கிறது இயந்திரக் குரல். இவர் திரும்பச் சொல்கிறார். அதுவும் திரும்பக் கேட்கிறது. இங்கிலாந்துக்காரர் மாதிரி சொல்லிப் பார்க்கிறார்கள், அமெரிக்கர் மாதிரி இழுத்துப் பார்க்கிறார்கள், கடைசியில் இருவரும் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். லிஃப்ட் அசையவில்லை.

சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. என் வீட்டுக்காரர் அடுக்களையிலிருந்து தண்ணீரோடு ஓடி வந்தார். அவருக்கு அதில் என்ன இருக்கிறது என்று புரியவில்லை. எனக்குப் புரியும். 1979-இல், வெளியூர்த் தொலைபேசி அழைப்புகளை இணைத்துக் கொடுக்கும் திருநெல்வேலி டிரங்க் எக்ஸ்சேஞ்சில் சேர்ந்தவள் நான். தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு எண்களைத் திரும்பத் திரும்பச் சொல்வதுதான் வேலையே. மழைக்காலத்தில் லைன் முழுக்க எண்ணெயில் அப்பளம் பொரிகிற மாதிரி இரைச்சல். அதில் 'ஃபைவ்' எது, 'நைன்' எது என்று எந்தக் கொம்பனாலும் பிரிக்க முடியாது. "நைன், எட்டுக்கு அடுத்த நைன்" என்று சொல்லித்தான் கொடுப்பேன். கல்கத்தா ஆபரேட்டருக்கு 'வ' எல்லாம் 'ப'. எர்ணாகுளத்துப் பெண் 'காலேஜ்' என்பதைக் 'கோளேஜ்' என்பாள். எங்களைக் கேட்டு அவர்கள் சிரித்திருப்பார்கள். 'எம்'மை 'யெம்' என்றும் 'எய்ட்'டை 'யெய்ட்டு' என்றும் சொல்கிறவர்கள்தானே நாம்.

அந்த லிஃப்ட் மீது எனக்கு வந்த கோபம் தொழில்முறைக் கோபம். ஒரே வாக்கியத்தை ஒரே குரலில் திரும்பச் சொல்லும் ஆபரேட்டரை எங்கள் சூப்பர்வைசர் அன்றே சீட்டைவிட்டு எழுப்பியிருப்பார். கேட்கவில்லை என்றால் வேறு மாதிரி கேட்க வேண்டும். அதுதான் முதல் பாடம்.

சரி, நானாவது தேறுவேனா என்று என் கைபேசியிடம் "லெவன்" மணிக்கு அலாரம் வைக்கச் சொன்னேன். அது 'செவன்' மணிக்கு வைத்துவிட்டது. மறுநாள் காலை ஏழு மணிக்கு அது அலறியபோது நான் ஆஞ்சநேயர் கோயில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.

என் கேள்விகள் இரண்டு. காதைப் பழக்கிக்கொள்ள இதுபோன்ற துண்டுகள் வேறென்ன பார்க்கலாம்? நான் பேசும் ஆங்கிலம் அவர்களுக்குப் புரியுமா, அல்லது நானும் அந்த லிஃப்ட் மாதிரி நிற்க வேண்டியதுதானா?

---

கிளைட் கரையான் எழுதியது:

அம்மா, பன்னிரண்டு ஆண்டுகளாகக் கிளாஸ்கோவில் இருக்கிறேன். முதலில் இரண்டாவது கேள்வி. உங்கள் ஆங்கிலம் புரியும், லண்டனில் புரிவதைவிட நன்றாகவே புரியும். காரணம் 'ர்'. லண்டன்காரர் 'கார்' என்பதைக் 'கா' என்று விட்டுவிடுவார். இங்கே பெரும்பாலும் 'ர்'-ஐ விட மாட்டார்கள், நம்மைப் போல நாக்கைத் தட்டிச் சொல்வார்கள். 'கோட்', 'கேக்' என்ற சொற்களில் நாம் நேராக ஓ, ஏ என்கிறோம் அல்லவா? லண்டனில் அதை வளைத்து 'கௌட்', 'கெய்க்' மாதிரி ஆக்குவார்கள். கிளாஸ்கோவில் நம்மைப் போலவே நேரான ஓ, நேரான ஏ.

சிக்கல் வேறு இடத்தில். சொல்லின் நடுவில் வரும் 'ட்'-ஐ விழுங்கிவிடுவார்கள். 'வாட்டர்' என்பது 'வா'வுக்கும் 'அர்'ருக்கும் நடுவே ஒரு சின்ன விக்கல். பிறகு சொற்கள். "எங்கே ஸ்டே பண்ணுகிறீர்கள்" என்று கேட்டால் எந்த ஓட்டல் என்று கேட்கவில்லை, வீடு எங்கே என்று அர்த்தம். "ஹவ்?" என்றால் பல நேரம் 'ஏன்?'. "மெசேஜஸ் வாங்கப் போகிறேன்" என்றால் மளிகைக்கடைக்குப் போகிறார்கள். நான் வந்த புதிதில் பக்கத்து வீட்டுப் பாட்டி இதைச் சொன்னபோது, பாவம், கைபேசி பழுதாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து என்னுடையதை நீட்டினேன்.

உங்களுக்கு மிக முக்கியமான சொல் ஒன்று: 'வேன்'. குழந்தை என்று பொருள். 'வீ' என்றால் சின்ன, 'ஏன்' என்றால் ஒன்று. இரண்டும் ஒட்டிச் 'சின்னது' ஆகிவிட்டது. பிரசவம் முடிந்ததும் படியில் பார்க்கிறவர்கள் எல்லாம் "வேன் எப்படி இருக்கிறது" என்பார்கள். எங்களிடம் வண்டி கிடையாது என்று சொல்லிவிடாதீர்கள்.

பார்ப்பதற்கு: லிம்மி என்ற கிளாஸ்கோ நகைச்சுவைக்காரரின் துண்டுகள். ஒரு கிலோ எஃகு கனமா, ஒரு கிலோ இறகு கனமா என்று ஒன்று இருக்கிறது. எஃகுதான் கனம் என்று அவர் கடைசிவரை பிடிவாதமாக நிற்பார். கனம் ஒன்றுதான் என்று சுற்றி நிற்பவர்கள் எவ்வளவு விளக்கினாலும் முகத்தில் அந்தக் குழப்பம் போகாது. சொற்கள் குறைவு, திரும்பத் திரும்ப வரும், காதுக்கு நல்ல பயிற்சி. அதன்பின் 'ஸ்டில் கேம்' என்ற நகைச்சுவைத் தொடர். 2002-இல் தொடங்கியது, நடுவில் பல ஆண்டு இடைவெளி விட்டு 2019-இல் முடிந்தது. இரண்டு கிழவர்கள், ஒரு மதுக்கடை, ஒரு மளிகைக்கடை. அந்தக் கடைக்காரர் நவீத் தெற்காசிய வம்சாவளி, நடித்தவர் சஞ்சீவ் கோலி. கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு அசல் கிளாஸ்கோ ஆங்கிலத்தில் எல்லோரையும் வாருவார். ஊர்வம்பு பேசும் ஈசா என்றொரு அம்மாளும் உண்டு. ஐந்து நிமிடத்தில் உங்கள் தெருவில் ஒருத்தியின் பெயரை அவளுக்கு வைத்துவிடுவீர்கள்.

---

இரவுப்பணி எழுதியது:

சென்னையில் நான்கு ஆண்டுகள் இரவு வேலை பார்த்தேன், பிரிட்டன் வாடிக்கையாளர்களின் மின்கட்டண அழைப்புகள். எங்களுக்குப் பயிற்சி என்று கொடுத்தது முழுக்க லண்டன் செய்தி வாசிப்பு. முதல் நாள் முதல் அழைப்பு லிவர்பூலிலிருந்து. அந்த அம்மாள் "பேக் பில்லிங்" என்றது எனக்குப் 'பேஹ்' என்றுதான் கேட்டது, தொண்டையைச் செருமுகிறார் என்று நினைத்துப் பொறுமையாகக் காத்திருந்தேன். அவர் நான் பேசுவேன் என்று காத்திருந்தார். இருவரும் சுமார் அரை நிமிடம் மௌனமாக இருந்தோம்.

ஒரே ஆலோசனை: சப்டைட்டிலை அணைத்துவிடுங்கள். கண் வேலை செய்தால் காது தூங்கிவிடும். முதலில் சப்டைட்டில் இல்லாமல், இரண்டாம் முறை சப்டைட்டிலோடு, மூன்றாம் முறை மறுபடி இல்லாமல். வேகத்தைக் குறைத்துப் பார்க்காதீர்கள். குறைத்தால் எல்லோரும் குடிகாரர்கள் மாதிரி கேட்கும், ஊரில் யாரும் அப்படிப் பேசப்போவதில்லை.

---

ஒலிப்பித்தன் எழுதியது:

லிஃப்ட் துண்டைப் பற்றி யாரும் சொல்லாத ஒன்று. எழுதியவர்கள் ராபர்ட் ஃப்ளோரன்ஸும் இயன் கானலும், நடித்ததும் அவர்களே. கிளாஸ்கோ ஆங்கிலத்தின் அடையாளங்களாக நாக்கைத் தட்டும் 'ர்', விழுங்கும் 'ட்' இரண்டையும் மேலே கிளைட் கரையான் சொன்னார். 'இலெவன்' என்ற சொல்லில் இரண்டுமே கிடையாது! கஷ்டமே இல்லாத சொல்லைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். மிஞ்சிப்போனால் அந்த 'ல'. இங்கிலாந்தில் உயிருக்கு முன்னால் வரும் 'ல' நம்முடையதைப் போல் நுனிநாக்கில் நிற்கும்; கிளாஸ்கோவில் நாக்கின் பின்பகுதியும் மேலே எழும்பிச் சற்று இருண்டு ஒலிக்கும். அந்த இருளுக்கு இவ்வளவு தண்டனை.

கைபேசியோடு பேசும் சிரி, ஐஃபோன் 4எஸ்-உடன் வந்தது 2011 அக்டோபரில். இந்தத் துண்டு அதற்கு முந்தையது. ஊரெல்லாம் இயந்திரத்திடம் கத்துவதற்கு ஓராண்டுக்கு முன்பே இவர்கள் கத்திவிட்டார்கள்.

இன்னொன்று. 'ஃபில்ம்' என்ற சொல்லை ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் பலர் 'ஃபிலம்' என்பார்கள். 'ல்'லையும் 'ம்'மையும் ஒட்டவிடாமல் நடுவே ஓர் உயிரைச் செருகுவது. நாம் 'பிலிம்' என்று எழுதுவதும் அதே வைத்தியம். இரவுப்பணி சொன்ன லிவர்பூல் 'பேஹ்'கூட நமக்கு அந்நியம் இல்லை. 'பகல்' என்று சொல்லிப் பாருங்கள். எழுதுவது 'க', வாயில் வருவது 'ஹ'வுக்குப் பக்கத்தில் ஒன்று. வல்லினத்தைத் தளர்த்துவது நமக்குப் பழகிய வேலை. நாம் உயிர்களுக்கு நடுவே தளர்த்துகிறோம், அவர்கள் சொல்லின் கடைசியிலும் தளர்த்துகிறார்கள்.

---

வெலிங்டன் காற்று எழுதியது:

தலைப்பிலிருந்து விலகுகிறேன், மன்னியுங்கள். நியூசிலாந்து உச்சரிப்பைக் கிண்டல் செய்து ஆஸ்திரேலியர்கள் 2008-இல் போட்ட 'பீச்ட் அஸ்' என்ற கேலிச்சித்திர வீடியோவைத் தேடிப் பாருங்கள். கரை ஒதுங்கிய திமிங்கலம் ஒன்று கடற்பறவையோடு பேசும். பறவை 'சிப்' வேண்டுமா என்று கேட்பது 'சப்' என்று விழும். இங்கே நியூசிலாந்தில் உண்மையிலேயே ஏறக்குறைய அப்படித்தான்: 'சிக்ஸ்' 'சக்ஸ்' மாதிரியும், 'டென்' 'டின்' மாதிரியும் கேட்கும். ஆஸ்திரேலியர் 'ஃபிஷ்' என்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு 'ஃபீஷ்' என்று கேட்கிறதாம். இருவரும் அடுத்தவருக்குத்தான் உச்சரிப்பு இருக்கிறது என்று நம்புகிறார்கள்.

---

டிரங்க்கால் அம்மாள் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இரவுப்பணி சொன்னபடி மூன்று முறை முறையைக் கடைப்பிடித்தேன். எஃகும் இறகும் முதல் முறையிலேயே பாதிக்குமேல் பிடிபட்டது. என் வீட்டுக்காரரும் உட்கார்ந்து பார்த்தார். பார்த்துவிட்டு, எஃகுதானே கனம், இதில் என்ன வேடிக்கை என்றார். இன்று காலைவரை அந்த விவாதம் முடியவில்லை.

ஒலிப்பித்தன் சொன்ன 'பகல்' வித்தையைப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து முணுமுணுத்துப் பார்த்தேன். உண்மைதான். 67 வயதுவரை என் வாயில் என்ன நடக்கிறது என்று எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. பக்கத்தில் இருந்த பெண் வேறு சீட்டுக்கு மாறிவிட்டாள்.

கிளைட் கரையானுக்கு ஒரு துணைக்கேள்வி. அங்கே ஊர்ப்பெயர்களை எழுதியபடி வாசிக்கலாமா? டிக்கெட் வாங்கும்போது சிரிப்பார்களா?

---

கிளைட் கரையான் எழுதியது:

எழுதியபடி வாசித்தால் ஊரே வந்து சேராது அம்மா. வடமேற்கே புறநகர் ஒன்றின் பெயரை எழுத்துக் கூட்டினால் 'மில்ன்கேவி' என்று வரும், சொல்வது 'மல்கை'. 'ஸ்ட்ராத்தேவன்' என்று எழுதியிருக்கும் ஊர் 'ஸ்ட்ரேவன்'. 'எடின்பர்க்' எங்கேயும் கிடையாது, 'எடின்பரா'. ஆனால் யாரும் சிரிக்க மாட்டார்கள். இங்கிலாந்திலிருந்து வருகிறவர்களே 'மல்கை'யில் வழுக்கி விழுவதுண்டு.

சுரங்க ரயில் சுலபம்: ஒரே வட்டம், 15 நிலையங்கள். தவறான திசையில் ஏறினாலும் சுற்றிக்கொண்டு வந்துவிடலாம்.

ஆமாம், மகள் வீட்டு முகவரியில் எண்ணுக்கு நடுவே சாய்கோடு இருக்கிறதா? 3/1, 2/2 என்பதுபோல?

---

டிரங்க்கால் அம்மாள் எழுதியது:

இருக்கிறது, 3/1. பழைய எண், புதிய எண் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். பருப்புப்பொடிப் பார்சலில்கூட அப்படித்தான் எழுதி அனுப்பினேன்.

---

கிளைட் கரையான் எழுதியது:

முதல் எண் மாடி. அடுத்தது அந்த மாடியில் எத்தனையாவது கதவு. இது பழைய கல்கட்டடமாக இருக்கும், டெனமென்ட் என்பார்கள். பெரும்பாலும் நான்கு அடுக்கு, உங்களுடையது உச்சி. பொதுவான கல்படிக்கட்டு, நடுவில் தேய்ந்து குழிந்திருக்கும். லிஃப்ட் இருக்க வாய்ப்பே இல்லை.

---

டிரங்க்கால் அம்மாள் எழுதியது:

இப்போதுதான் மகளிடம் கேட்டேன். "சொன்னால் வரமாட்டாய் என்றுதான் சொல்லவில்லை" என்கிறாள். ஒரு தளத்துக்கு 18 படியாம்.

'லெவன்' சொல்லிப் பழகுவதை நிறுத்திவிட்டேன். முழங்காலுக்குப் பிண்டத் தைலம் இரண்டு பாட்டில் சேர்த்துக் கட்டியிருக்கிறேன். மூன்று மாடியும் வேனைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும்.