மறு: ஃப்ளோஸ்டோன்: ‘உறைகல்’ வேண்டாம், ‘படர்கல்’ எப்படி?

> ‘உறைகல்’ என்றே வைக்கலாம். நீர் காய்ந்து கல்லாக உறைகிறது அல்லவா?

வணக்கம் ஐயா. குகைச் சுவரிலும் தரையிலும் நீர் பரவி ஓடும்போது படியும் சுண்ணாம்புக் கல்தான் ஃப்ளோஸ்டோன் (flowstone); அதற்குத்தான் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். நீர் காய்ந்து உறைகிறது என்கிறீர்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. குகைக்குள் நீர் காய்வது சிறு பங்குதான். மேல்மண்ணில் இறங்கும் மழைநீர், வேர்களும் மக்கும் இலைகளும் விடும் கரியமில வாயுவை வாங்கி லேசான அமிலமாகிறது. வெடிப்புகள் வழியே போய்ச் சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கிறது. குகையின் காற்றுவெளியை எட்டியதும் அந்த வாயு வெளியேறிவிடும், சோடா மூடியைத் திறந்ததும் குமிழி கிளம்புவது போல. பிறகு கரைந்த சுண்ணாம்பை நீரால் தாங்க முடியாது, கால்சைட் என்னும் சுண்ணாம்புக் கனிமமாகப் படியவிடுகிறது. ஈரம் ததும்பும் காற்றிலும் இது நடக்கும். ‘உறை’ என்றால் பிள்ளைகள் ஐஸ்கட்டியை நினைப்பார்கள். போதாததற்கு, காதில் விழும்போது அது பொன் உரசும் உரைகல்.

போன மாதம் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளோடு பத்துமலையில் 272 படி ஏறினோம். கோயில் குகைச் சுவரைக் காட்டியதும், “மெழுகு வழிஞ்ச மாதிரி இருக்கு டீச்சர்” என்றான் ஒருவன். ‘வழிகல்’ என்று சொல்லிப் பார்த்தேன். “வழி காட்டுற கல்லா?” என்று கேட்டாள் இன்னொருத்தி. அதோடு அதை விட்டுவிட்டேன்.

‘படர்கல்’ எனக்கு நிறைவாக இருக்கிறது. நீர் ஓரிடத்தில் சொட்டினால் மேலிருந்து தொங்குவது கல்விழுது, கீழிருந்து எழுவது கல்முளை. சுவரிலோ தரையிலோ மெல்லிசாகப் பரவி ஓடினால்தான் இது. கொடி படர்கிறது, ஈரம் படர்கிறது, தேமல் படர்கிறது. அந்தப் பரவலை வேறெந்தச் சொல் இவ்வளவு சுருக்கமாகத் தரும்? வினைத்தொகை என்பதால் படர்ந்த, படர்கின்ற, படரும் கல் என முக்காலமும் அடங்கும். நீர் இன்னும் இறங்கும் இடங்களில் அது இன்றும் தடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

> வெறுமனே ‘சுண்ணாம்புப் படிவு’ போதாதா?

போதாது அம்மா. பத்துமலைப் பாறையே ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சுண்ணாம்புதான். அது கரைந்து குகையான பிறகு, வெகு காலம் பிந்தி அதன்மேல் படர்ந்தது இது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் தாயும் பிள்ளையும் ஒன்றாகிவிடும்.

கல்விழுது, கல்முளை போல இதிலும் ‘கல்’ முன்னால் வரவேண்டும் என்று ஈப்போ நண்பர் சொன்னதையும் யோசித்தேன். விழுதும் முளையும் தனிப் பெயர்களாகவே நிற்பவை. ‘படர்’ அப்படி நிற்காது.

வகுப்புச் சுவரொட்டி வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் மறுப்பு வராவிட்டால் ‘படர்கல்’ என்றே எழுதிவிடுகிறேன்.