பள்ளத்தைத் தாண்டி மேட்டில் வைத்த கால்

டிரவுட் மீன்கள் முட்டையிடும் இடங்களை எண்ணப் போனவர்கள் இங்கே யாராவது உண்டா? என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பெருமைப்பட ஒன்றும் இல்லை.

நான் இருப்பது கனடாவில், அஜாக்ஸ் ஊரில். இங்கே ஏரியில் கலக்கும் டஃபின்ஸ் ஓடை, வடக்கே ஓக் ரிட்ஜஸ் மொரைன் என்ற மேட்டில் பிறக்கிறது. பனிப்பாறைகள் விட்டுப்போன மணலும் சரளையும், சுமார் 160 கிலோமீட்டர் நீளத்துக்கு. மழையைக் குடித்து வைத்துக்கொண்டு ஊற்றாகக் கசியவிடும். அதனால் கிளையோடைகள் கோடையிலும் சில்லென்று இருக்கும். இங்கே இருக்கிற புரூக் டிரவுட் என்ற வகைக்கு அதுதான் உயிர்.

இலையுதிர் காலத்தில்தான் அது முட்டையிடும். நவம்பரில் ஒரு சனிக்கிழமை தன்னார்வலராகப் போனேன். மார்பு வரை ரப்பர் உடுப்பு, போலராய்டு கண்ணாடி. கண்ணாடி இல்லாவிட்டால் தண்ணீரில் வானம்தான் தெரியும். கூட வந்தவர் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர், எழுபதைத் தாண்டியவர், என்னைவிட வேகமாக நடந்தார்.

தேட வேண்டியது, முட்டையிட மீன் பறித்த குழி: பாசி படிந்த பழுப்புத் தரையில் புளி போட்டுத் தேய்த்த பாத்திரம் மாதிரி ஒரு வெளுப்பு. ஒரு மணி நேரத்தில் பதினொன்று கண்டுபிடித்தேன். டீச்சர் வந்து பார்த்து, அதில் ஏழு குழியே இல்லை என்று அடித்துவிட்டார். இரண்டு, மான் இறங்கித் தண்ணீர் குடித்த இடம். மற்றவை விழுந்த மரத்தடியில் ஓட்டம் அரித்தவை. எனக்கு முகம் தொங்கிவிட்டது.

அப்புறம்தான் அந்தக் காரியம் நடந்தது. நல்ல குழி ஒன்று, கழுவின சரளை, சந்தேகமே இல்லை. முட்டையை மிதித்துவிடக் கூடாதே என்று பள்ளத்தைக் கவனமாகத் தாண்டி, அதன் கீழ்ப்புறம் இருந்த மேட்டில் காலை வைத்தேன். டீச்சர் "நில்!" என்று கத்தினார்.

முட்டை பள்ளத்தில் இல்லை, மேட்டுக்குள் இருக்கிறது. பெண் மீன் பக்கவாட்டில் சாய்ந்து வாலால் அடித்துக் குழி பறிக்கும். முட்டையிட்டதும் ஓட்டத்துக்கு எதிராகச் சற்று மேலே நகர்ந்து மறுபடி அடிக்கும். அங்கே கிளம்புகிற சரளை ஓட்டத்தோடு வந்து முட்டையை மூடும். அதாவது நம் கண்ணுக்குத் தெரிகிற பள்ளம், மூடுவதற்குக் கல் எடுத்த இடம்தான். என் பூட்ஸுக்கு அடியில் மெத்தென்று இருந்தது. அந்த மெத்தை இன்னும் உள்ளங்காலில் இருக்கிறது.

அன்று மிச்ச நேரம் முழுக்கக் கரையிலேயே நடந்தேன். கரையோரக் கிளையில் ரிப்பன் கட்டுவதும், ஜிபிஎஸ் எண்ணைக் குறிப்பதும் என் வேலை.

* * *

உங்கள் கதையைப் படித்தேன், அண்ணா. நான் நீலகிரியில் எமரால்டுப் பக்கம் வளர்ந்தவன். எங்கள் பக்கம் இருப்பது ரெயின்போ டிரவுட். தூண்டில் போட்டு விளையாட வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தது. அவலாஞ்சி மீன்குஞ்சு பொரிப்பகத்தை எச்.சி. வில்சன் 1907-இல் தொடங்கினார். சின்ன வயதில் மாமா ஒருமுறை கூட்டிப்போனார். பெண் மீனின் வயிற்றைக் கட்டைவிரலால் நீவ, ஜவ்வரிசி மாதிரி ஆரஞ்சு முட்டைகள் ஈரமில்லாத பேசினில் கொட்டின. அதன்மேல் ஆண் மீனின் விந்தைப் பிழிந்து கலக்கி, பிறகுதான் தண்ணீர் ஊற்றினார்கள். ஓடையில் அது தானாகக் குழி பறித்து நான் பார்த்ததே இல்லை. சரி, நீங்கள் மிதித்த முட்டைகள் என்ன ஆயின?

* * *

தெரியாது, தம்பி. தோண்டிப் பார்க்கக் கூடாதே. ஜனவரியில் பனியில் சறுக்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். மேலும் கீழும் ஓரம் உறைந்திருக்க, ஊற்று கசிகிற அந்த இடம் மட்டும் திறந்து கிடந்தது, பக்கத்தில் ஓடைக்கீரை பச்சையாக. ஏப்ரலில் மறுபடி போனேன். கரையோரம் ஓட்டமில்லாத தண்ணீரில், ஒரு விரற்கடை நீளத்தில், குஞ்சுகள் ஏழெட்டு. என் நிழல் விழுந்ததும் கல்லடியில் போய்விட்டன. அந்த மேட்டிலிருந்து வந்தவையா, மேலே இருந்த இன்னொன்றிலிருந்தா? டீச்சரிடம் கேட்டேன். "பார்க்கும்போது காலை எங்கே வைத்திருந்தாய்?" என்றார்.